முதுநிலை மேலாண்மைக் கல்வித்துறைகளின் சேவைத்தர மேம்பாட்டில் மாணவர் பின்னூட்டம்

ஆய்வுச்சுருக்கம்

எம்.பி.ஏ. முதலிய முதுநிலை மேலாண்மைப் படிப்புகளை நடத்தும் துறைகள் மாணவர்களிடமிருந்து பின்னூட்டம் பெறுவதை வழக்கமாகக் கொண்டுள்ளன. அவ்வாறு பெறப்படும் பின்னூட்டத்தால் துறையின் சேவைகள் மேம்படுகின்றனவா என்பது தனித்து ஆராயத்தக்க வினாவாகும். சேவைத்தரக் கோட்பாடு, மாணவர் மதிப்பீடு குறித்த ஆய்வுகள், இந்திய உயர்கல்வி அமைப்புகளின் அளவுகோல்கள் ஆகியவற்றின் துணைகொண்டு இக்கட்டுரை அவ்வினாவை ஆராய்கிறது. நூலகம், அலுவலகம், வேலைவாய்ப்பு மையம் முதலிய சேவைகளுக்கு மாணவர் பின்னூட்டம் நேரடிச் சான்றாக அமைகிறது என்பதும், கற்பித்தலின் பயனை அளந்தறிய அது மட்டும் போதாது என்பதும், இரண்டாண்டுப் படிப்பில் பருவத்தின் இடையே பெற்றுப் பதிலளிக்கப்படும் பின்னூட்டமே அதனை வழங்கிய மாணவருக்குப் பயன்தரும் என்பதும் இக்கட்டுரையின் முடிபுகளாகும்.

திறவுச்சொற்கள்: மாணவர் பின்னூட்டம், சேவைத்தரம், மேலாண்மைக் கல்வி, சேவை இடைவெளி, மாணவர் நிறைவு, தர மதிப்பீடு.

1. முன்னுரை

மேலாண்மைக் கல்வி வகுப்பறையோடு முடிந்துவிடுவதன்று. சேர்க்கை ஆலோசனை, கட்டணம் செலுத்துதல், கல்விக் கடனுக்கு வங்கி கோரும் படிப்புச் சான்றிதழ், நூலகம், கணினி ஆய்வகம், கோடைக்காலப் பயிற்சி, திட்ட அறிக்கைக்கான வழிகாட்டல், வளாக வேலைவாய்ப்பு, விடுதி எனப் பல சேவைகள் ஒன்றுசேர்ந்தே ஒரு மாணவரின் இரண்டாண்டு அனுபவத்தை உருவாக்குகின்றன. படிப்புச் சான்றிதழ் பத்து நாள் தாமதமாவது அலுவலகத்திற்குச் சிறு செய்தியாகத் தோன்றலாம். கடன் தொகை வராமல் கட்டணத்தின் இறுதிநாளை எதிர்நோக்கியிருக்கும் மாணவருக்கு அது படிப்பைத் தொடர்வதா வேண்டாவா என்னும் வினாவாக மாறுகிறது.

இத்தகைய இடர்ப்பாடுகளை முதலில் அறிபவர் மாணவரே. ஆகவே அவரது கருத்தைக் கேட்டறிவது துறைக்கு இன்றியமையாதது. எனினும், கேட்பது வேறு, கேட்டதைப் பயன்படுத்துவது வேறு. படிவம் வழங்கப்பட்டு, நிரப்பப்பட்டு, சராசரி கணக்கிடப்பட்டு, கோப்பில் சேர்க்கப்படும் நடைமுறை பின்னூட்டத்தைச் சடங்காக்கிவிடும். சடங்கு என உணர்ந்த மாணவர் அடுத்த முறை சிந்தித்து விடையளிப்பதில்லை. எனவே பின்னூட்டம் எதனை அளக்கிறது, எப்போது பெறப்பட வேண்டும், எவ்வாறு வாசிக்கப்பட வேண்டும், யாருக்குப் பதிலாகத் திரும்ப வேண்டும் என்னும் நான்கு வினாக்களை முன்வைத்து இக்கட்டுரை அமைகிறது.

2. மாணவர் பின்னூட்டத்தின் வளர்ச்சி

மாணவர் வழி ஆசிரியர் மதிப்பீடு 1920களில் அமெரிக்காவின் பெர்டியூ பல்கலைக்கழகத்தில் ஹெர்மன் ரெம்மர்ஸ் மேற்கொண்ட பணிகளால் முறையான வடிவம் பெற்றது. பிற்காலத்தில் அது உலகின் பல நாடுகளுக்கும் பரவியது.

மேலாண்மைக் கல்வியில் மாணவர் கருத்து பெருஞ்செல்வாக்குப் பெற்றது 1988ஆம் ஆண்டிலாகும். அவ்வாண்டு 'பிசினஸ்வீக்' இதழ் அமெரிக்க மேலாண்மைப் பள்ளிகளின் தரவரிசையை முதன்முறையாக வெளியிட்டது. பட்டம் பெற்றவர்களும் அவர்களைப் பணிக்கு எடுக்கும் நிறுவனங்களும் அளித்த கருத்துகளே அதன் அடிப்படையாக அமைந்தன. நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் கெல்லாக் பள்ளி அதில் முதலிடம் பெற்றது. மாணவர் நிறைவு ஒரு பள்ளியின் சந்தை மதிப்பைத் தீர்மானிக்கும் காரணியாக அதன்பின் மாறியது.

இம்மாற்றம் ஒரு சிக்கலையும் உடன்கொணர்ந்தது. தன் பள்ளி தரவரிசையில் உயர்ந்தால் தன் பட்டத்தின் மதிப்பும் உயரும் என்பதை மாணவர் அறிவார். ஆகவே வெளியுலகிற்காகத் திரட்டப்படும் பின்னூட்டத்தில் குறைகளை மறைப்பதற்கான தூண்டுதல் மாணவரிடத்திலேயே உள்ளது. ஐக்கிய இராச்சியத்தில் 2005ஆம் ஆண்டு தொடங்கிய தேசிய மாணவர் கருத்தாய்வு இதற்கு மறுதிசையிலான படிப்பினையைத் தருகிறது. அதன் முடிவுகள் பல்கலைக்கழகங்களின் கட்டண உயர்வோடு தொடர்புபடுத்தப்படும் நிலை எழுந்தபோது, 2017ஆம் ஆண்டு மாணவர் சங்கங்கள் அக்கருத்தாய்வைப் புறக்கணித்தன. பின்னூட்டம் எதற்குப் பயன்படுகிறது என்பது அது எவ்வாறு அளிக்கப்படுகிறது என்பதையும் மாற்றிவிடும் என்பதனை இவ்விரு நிகழ்வுகளும் உணர்த்துகின்றன.

3. சேவைத்தரக் கோட்பாடும் இடைவெளிகளும்

சேவைத்தரத்தை அளப்பதற்கான புகழ்பெற்ற கோட்பாடு ஏ. பரசுராமன், வலாரி சைத்தாமல், லெனார்ட் பெர்ரி ஆகிய மூவரால் 1985ஆம் ஆண்டு முன்வைக்கப்பட்டது. இவர்களுள் பரசுராமன் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்திலும் அகமதாபாத் இந்திய மேலாண்மைக் கழகத்திலும் பயின்றவர். நுகர்வோர் எதிர்பார்ப்பதற்கும் அவர் உண்மையில் பெறுவதாக உணர்வதற்கும் உள்ள இடைவெளியே சேவைத்தரம் என்பது இவர்களது கருத்து. 1988ஆம் ஆண்டு அவர்கள் வெளியிட்ட 'செர்வ்குவால்' என்னும் அளவுகோல் 22 கூற்றுகளைக் கொண்டது. புலப்படு கூறுகள், நம்பகத்தன்மை, உடனடிச் செயற்பாடு, உறுதிப்பாடு, பரிவு என்னும் ஐந்து பரிமாணங்களில் அக்கூற்றுகள் அடங்கும்.

இக்கோட்பாட்டின் பயன் அதன் மதிப்பெண்ணில் மட்டும் இல்லை. இடைவெளி எங்கே தோன்றுகிறது என்பதை அது பகுத்துக் காட்டுகிறது. வேலைவாய்ப்பு மையத்தைச் சான்றாகக் கொண்டு இதனை விளக்கலாம்.

முதல் இடைவெளி புரிதல் சார்ந்தது. வளாகத்திற்கு வரும் நிறுவனங்களின் எண்ணிக்கையைத் துறை பெரிதாகக் கருதலாம். நிதி அல்லது மனிதவளம் என்னும் தம் சிறப்புப் பாடத்திற்கேற்ற பணிகளையே மாணவர் எதிர்பார்த்திருக்கலாம்.

இரண்டாம் இடைவெளி வரையறை சார்ந்தது. மாதிரி நேர்காணல் தேவை என்பதைத் துறை உணர்ந்திருக்கும். ஒவ்வொரு மாணவருக்கும் எத்தனை, எந்தப் பருவத்தில், யாரால் நடத்தப்பட வேண்டும் என்னும் விதி எழுதப்பட்டிராது.

மூன்றாம் இடைவெளி நிறைவேற்றம் சார்ந்தது. விதி இருக்கும். ஒருங்கிணைப்பாளராகிய ஆசிரியருக்கு முழுப் பாடவேளைச் சுமையும் இருப்பதால் அது நடைபெறாது.

நான்காம் இடைவெளி அறிவிப்புச் சார்ந்தது. நடைபெறுவதற்கும் சேர்க்கைக் கையேட்டில் அறிவிக்கப்பட்டதற்கும் வேறுபாடு இருக்கும்.

இந்நான்கின் விளைவாகத் தோன்றுவதே மாணவர் உணரும் ஐந்தாம் இடைவெளியாகும். 'வேலைவாய்ப்பு மையத்தின் செயல்பாடு நிறைவளிக்கிறதா?' என்னும் ஒற்றை வினாவுக்குக் கிடைக்கும் குறைந்த மதிப்பெண் இந்நான்கில் எதனாலும் விளைந்திருக்கலாம். முதலாவதற்கு மாணவரோடு உரையாடலும், இரண்டாவதற்கு எழுதப்பட்ட நெறிமுறையும், மூன்றாவதற்குப் பணிச்சுமைக் குறைப்பும், நான்காவதற்குக் கையேட்டுத் திருத்தமும் தீர்வாகும். காரணத்தைப் பிரித்தறியாத படிவம் தீர்வைக் காட்ட இயலாது.

இவ்வளவுகோலுக்கு வரம்புகளும் உண்டு. எதிர்பார்ப்பையும் அனுபவத்தையும் தனித்தனியே கேட்பதால் மாணவர் 44 கூற்றுகளுக்கு விடையளிக்க நேர்கிறது. எதிர்பார்ப்பை அளக்காமல் அனுபவத்தை மட்டும் அளந்தால் போதும் என ஜோசப் குரோனினும் ஸ்டீவன் டெய்லரும் 1992ஆம் ஆண்டு வாதிட்டு 'செர்வ்பெர்ஃப்' என்னும் மாற்று அளவுகோலை முன்மொழிந்தனர். குடும்பத்தில் முதன்முதலாக முதுநிலைப் படிப்புக்கு வரும் மாணவருக்கு மேலாண்மைத் துறையிடம் எதனை எதிர்பார்ப்பது என்பதே தொடக்கத்தில் தெளிவாக இராது. குறைந்த எதிர்பார்ப்பு குறைந்த சேவையையும் நிறைவானதாகக் காட்டிவிடும். ஆதலின் அனுபவத்தை மட்டும் கேட்கும் குறும்படிவமே இத்துறைகளுக்குப் பொருத்தமானது எனலாம்.

4. மாணவர் மதிப்பிடக்கூடியதும் மதிப்பிட இயலாததும்

மாணவரை நுகர்வோராகக் கருதுவது எந்த அளவுக்குப் பொருந்தும் என்பது நீண்டகால விவாதமாகும். அலுவலகச் சாளரத்தின் முன் நிற்கும்போது மாணவர் சேவை பெறுபவர். சான்றிதழ் எத்தனை நாளில் கிடைத்தது, நூலகத் தரவுத்தளம் இயங்கியதா என்பவற்றுக்கு அவரைவிடச் சிறந்த சாட்சி இல்லை. வகுப்பறையில் அவர் கற்பவர். அங்கு அவருக்கு அப்போது கடினமாகத் தோன்றுவது பின்னர்ப் பயன்படலாம்.

இவ்வேறுபாட்டைச் சில ஆய்வுகள் உறுதிப்படுத்துகின்றன. அமெரிக்க விமானப்படைக் கழகத்தில் மாணவர்கள் தற்செயல் முறையில் ஆசிரியர்களுக்கு ஒதுக்கப்படுகின்றனர். அத்தரவுகளை ஆராய்ந்து ஸ்காட் கேரல், ஜேம்ஸ் வெஸ்ட் ஆகியோர் 2010ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு, மாணவரின் உயர்ந்த மதிப்பீட்டைப் பெற்ற ஆசிரியர்களிடம் பயின்றோர் அப்பாடத்தில் நன்கு தேறியதையும், அதனைத் தொடர்ந்துவரும் உயர்நிலைப் பாடங்களில் பின்தங்கியதையும் கண்டறிந்தது. பாப் உட்டில் முதலானோர் 2017ஆம் ஆண்டு வெளியிட்ட தொகுப்பாய்வு, மாணவர் மதிப்பீட்டுக்கும் கற்றல் அளவுக்கும் குறிப்பிடத்தக்க தொடர்பில்லை என்னும் முடிவுக்கு வந்தது. லிலியன் மெக்நெல் குழுவினரின் 2015ஆம் ஆண்டு ஆய்வில் இணையவழிப் பாடம் நடத்திய ஆசிரியர்கள் ஆண், பெண் அடையாளங்களை மாற்றிக்கொண்டனர். உண்மையில் எவராயினும், ஆண் எனக் கருதப்பட்டவர் கூடுதல் மதிப்பெண் பெற்றார். 43 மாணவர்களை மட்டும் கொண்ட சிறு ஆய்வாயினும் அது எழுப்பும் வினா புறந்தள்ளத்தக்கதன்று.

கனடாவின் ரயர்சன் பல்கலைக்கழகம் தொடர்பாக 2018ஆம் ஆண்டு வழங்கப்பட்ட நடுவர் தீர்ப்பு இவ்விவாதத்தில் முக்கியமானது. மாணவர் அனுபவத்தை அறிய இம்மதிப்பீடுகள் பயன்படும். பணி நிரந்தரத்திற்கோ பதவி உயர்வுக்கோ கற்பித்தல் திறனை அளக்கும் கருவியாக அவற்றைப் பயன்படுத்தலாகாது என அத்தீர்ப்பு கூறியது. தமிழகச் சூழலில் இது கௌரவ விரிவுரையாளர்களுக்கும் தற்காலிக ஆசிரியர்களுக்கும் நேரடியாகப் பொருந்தும். ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படும் பணி மாணவர் மதிப்பெண்ணைச் சார்ந்திருக்குமாயின், கடினமான பாடப்பகுதியைத் தவிர்ப்பதும் அகமதிப்பீட்டில் தாராளம் காட்டுவதும் தற்காப்பு வழிகளாகிவிடும். இழப்பு இறுதியில் மாணவருடையதே.

எனவே சேவைக்கான படிவமும் கற்பித்தலுக்கான படிவமும் பிரிக்கப்பட வேண்டும். முன்னதன் முடிவு நிர்வாகத்திற்குச் செல்ல வேண்டும். பின்னது ஆசிரியரின் தன்மேம்பாட்டுக்கு முதன்மையாகப் பயன்பட வேண்டும்.

5. இந்திய உயர்கல்வி அமைப்புகளின் அளவுகோல்கள்

1994ஆம் ஆண்டு நிறுவப்பட்ட தேசிய மதிப்பீடு மற்றும் தரச்சான்று அவை (நாக்) 2017ஆம் ஆண்டு தன் மதிப்பீட்டு முறையைத் திருத்தியமைத்தது. அதில் பின்னூட்டம் இரண்டு இடங்களில் இடம்பெற்றது. முதலாவது, பாடத்திட்டக் கூறுகளின் கீழ் அமைந்த பின்னூட்ட அமைப்பு. பின்னூட்டம் பெறப்படுதல், பகுத்தாராயப்படுதல், நடவடிக்கை எடுக்கப்படுதல், இணையதளத்தில் வெளியிடப்படுதல் எனப் படிநிலைகள் வகுக்கப்பட்டு, அனைத்தையும் நிறைவேற்றும் நிறுவனம் உயர்நிலை பெறுமாறு அது அமைக்கப்பட்டது. இரண்டாவது, மாணவர் நிறைவுக் கருத்தாய்வு. இதில் 21 வினாக்கள் உள்ளன. இறுதி வினா மாணவர் தம் கருத்தைச் சொற்களில் எழுதுவதற்குரியது.

முதற்கூறின் படிநிலை அமைப்பு கோட்பாட்டளவில் சிறப்பானது. பெறுவதோடு நிற்காமல் செயலாற்றுவதை அது வலியுறுத்துகிறது. ஆனால் நடவடிக்கை அறிக்கை என்னும் ஆவணமே சான்றாகக் கொள்ளப்படும்போது, நடவடிக்கையைவிட அறிக்கை முதன்மை பெறும் வாய்ப்பு உள்ளது. இரண்டாவதன் வினாக்கள் பெரும்பாலும் கற்பித்தல்–கற்றல் சார்ந்தவை. மேலாண்மைத் துறையின் அலுவலகம், நூலகம், விடுதி குறித்த நுண்ணிய தகவலை அவற்றிலிருந்து பெற இயலாது. மேலும், நிறுவனத்தின் தரநிலையோடு தொடர்புடைய கருத்தாய்வாதலால், முன்னர்க் கூறப்பட்ட குறைமறைக்கும் தூண்டுதல் இங்கும் செயற்படக்கூடும். ஆதலின் தரச்சான்றுக்கான கருத்தாய்வு துறையின் உட்பயன்பாட்டுக்கான பின்னூட்டத்திற்கு மாற்றாகாது.

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2023ஆம் ஆண்டு மாணவர் குறைதீர்ப்பு ஒழுங்குமுறைகள், பெறப்படும் முறையீட்டின்மீது குறைதீர்ப்புக் குழு 15 பணிநாள்களுக்குள் பரிந்துரை அளிப்பதை எதிர்பார்க்கின்றன. முறையீடும் பின்னூட்டமும் ஒன்றல்ல. முறையீடு தனிமனிதருடையது, பெயர் உடையது, கால எல்லைக்குட்பட்டது. பின்னூட்டம் கூட்டுத்தன்மையது, பெயரற்றது, போக்கினைக் காட்டுவது. மாணவர் தம் அவசர இடரைப் பின்னூட்டப் படிவத்தில் எழுதிவிட்டுக் காத்திருப்பதும், துறை ஒரு பொதுக்குறையைத் தனிமனிதர் புகாராகச் சுருக்கிவிடுவதும் இவ்விரண்டையும் குழப்புவதால் நேர்கின்றன. எது எங்குச் செல்ல வேண்டும் என்பது படிவத்தின் தலைப்பிலேயே கூறப்படுதல் நன்று.

6. பின்னூட்டத்திற்குரிய காலம்

எம்.பி.ஏ. நான்கு பருவங்களைக் கொண்ட படிப்பு. நான்காம் பருவ இறுதியில் பெறப்படும் பின்னூட்டத்தால் அதனை வழங்கியவருக்குப் பயனில்லை. பருவ இறுதியில் பெறப்படுவதும் அப்பருவத்துக்குப் பயன்படுவதில்லை. தனக்குப் பயனில்லாத ஒன்றினுக்கு மாணவர் காட்டும் அக்கறை குறைவாகவே இருக்கும்.

பருவத்தின் ஆறாம் அல்லது ஏழாம் வாரத்தில் ஐந்து வினாக்களுக்கு மிகாத குறும்படிவம் இக்குறையைப் போக்கும். அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஜோசப் கிளார்க் உருவாக்கிய சிறுகுழு உரையாடல் முறையும் இங்குப் பயன்தரும். பருவத்தின் இடையே, ஆசிரியர் வகுப்பில் இல்லாதபோது, வேறொருவர் மாணவர்களைச் சிறுகுழுக்களாக்கி எது உதவுகிறது, எது மாற வேண்டும் எனக் கேட்டு, ஒருமித்த கருத்துகளைத் தொகுத்து ஆசிரியரிடம் அளிப்பது அம்முறை. சேவைகளுக்கும் இதனைப் பயன்படுத்தலாம். வேறொரு துறையின் ஆசிரியரோ அகத் தர உறுதி மைய உறுப்பினரோ இப்பணியை ஆற்ற இயலும்.

சேவையின் இயல்பையொட்டியும் காலம் மாற வேண்டும். சேர்க்கை நடைமுறை பற்றி முதற்பருவத்தின் முதல் மாதத்திலும், கோடைக்காலப் பயிற்சி பற்றி அதிலிருந்து திரும்பிய வாரத்திலும், வேலைவாய்ப்பு மையம் பற்றிப் பட்டம் பெற்ற ஓராண்டுக்குப் பின்னும் கேட்பது பொருத்தமானது. கிடைத்த பணியின் தன்மை ஓராண்டு கழிந்த பின்னரே தெளிவாகும்.

7. தரவுகளை வாசித்தல்

பின்னூட்டத் தரவின் வாசிப்பில் மூன்று இடர்கள் உள்ளன.

முதலாவது, சராசரி மறைப்பது. 60 மாணவர் கொண்ட வகுப்பில் நூலக நேரத்திற்கு 30 பேர் 5 மதிப்பெண்ணும் 30 பேர் 1 மதிப்பெண்ணும் அளித்ததாகக் கொள்ளலாம். சராசரி 3, 'நடுத்தரம்' என அறிக்கை கூறும். உண்மையில் மாலையில் வீடு திரும்புவோர் முழு நிறைவோடும், இரவில் படிக்க விரும்பும் விடுதி மாணவர் முழுக் குறையோடும் இருக்கின்றனர். நடுத்தரம் எனக் கருதியவர் ஒருவரும் இல்லை. எனவே சராசரியோடு பரவலும் குழுவாரியான முடிவும் காட்டப்பட வேண்டும்.

இரண்டாவது, விடையளிக்காதவரின் மௌனம். அதே வகுப்பில் 18 பேர் மட்டும் விடையளித்துச் சராசரி 4.2 எனக் கிடைத்ததாகக் கொள்ளலாம். எஞ்சிய 42 பேரின் சராசரி 3 எனில் வகுப்பின் உண்மைச் சராசரி 3.36 ஆகும். விடையளித்தோர் எண்ணிக்கையைக் கூறாத சராசரி முழுமையான செய்தியாகாது.

மூன்றாவது, பெயர் மறைவு. அகமதிப்பீட்டு மதிப்பெண் ஆசிரியர் கையில் இருக்கும் சிறு துறையில் கையெழுத்தும், பதிவெண் கொண்டு உள்நுழையும் இணையப் படிவமும் அச்சத்தை விளைவிக்கும். ஐவருக்குக் குறைந்த குழுவின் முடிவுகளைத் தனியே வெளியிடாமையும், அகமதிப்பீடு நிறைவுற்ற பின்னரே ஆசிரியரிடம் கருத்துகளை அளித்தலும், சேவைப் படிவத்தைத் துறைக்கு வெளியே உள்ளவர் தொகுத்தலும் இவ்வச்சத்தைக் குறைக்கும்.

இவற்றோடு மொழியும் கருதத்தக்கது. தமிழ்வழியில் இளநிலை முடித்து எம்.பி.ஏ.வில் சேர்பவர் உள்ள துறையில் படிவம் ஆங்கிலத்தில் மட்டும் இருக்குமாயின், எழுத்துவடிவக் கருத்துக்கான இடத்தில் 'நன்று', 'எதுவுமில்லை' என்னும் ஒற்றைச் சொற்களே மிகும். தமிழிலும் எழுதலாம் என்னும் ஒரு வரி அந்நிலையை மாற்றும். வினாவின் வடிவமும் உதவும். ஜான் ஃபிளனகன் 1954ஆம் ஆண்டு முன்வைத்த முக்கிய நிகழ்வு நுட்பத்தைத் தழுவி, 'இப்பருவத்தில் அலுவலகச் சேவை உங்களுக்கு உதவிய அல்லது தடையான ஒரு நிகழ்வை எழுதுக' எனக் கேட்கலாம். 'உங்கள் கருத்து என்ன?' என்னும் பொதுவினாவைவிட இது தெளிவான விடையைத் தரும்.

8. செயலாக்கமும் பதிலும்

குறைகள் பலவாகவும் வளங்கள் சிலவாகவும் இருக்கும் நிலையில் முன்னுரிமை தேவைப்படுகிறது. ஜான் மார்ட்டிலாவும் ஜான் ஜேம்ஸும் 1977ஆம் ஆண்டு அறிமுகப்படுத்திய முக்கியத்துவம்–செயல்திறன் பகுப்பாய்வு எளிய வழியாகும். ஒவ்வொரு சேவையும் மாணவருக்கு எவ்வளவு முக்கியம், இப்போது எவ்வளவு நன்றாக நடக்கிறது என்னும் இரு அளவுகளால் நான்கு கட்டங்களாகப் பிரிக்கப்படும். முக்கியத்துவம் மிகுந்து செயல்திறன் குறைந்த கட்டத்திலுள்ளவற்றை முதலில் சீர்செய்ய வேண்டும். வரவேற்பறைக்கு வண்ணம் பூசுவது கண்ணுக்குத் தெரியும் பணி. கல்விக் கடன் சான்றிதழை மூன்று நாளில் வழங்குவது அவ்வாறு தெரியாது. ஆயினும் மாணவருக்கு அதுவே முதன்மையானதாக இருக்கலாம்.

அடுத்துக் குறைகளை மூவகையாக்கலாம்: துறையே உடனடியாகச் செய்யக்கூடியவை, பல்கலைக்கழக ஒப்புதலோ நிதியோ வேண்டுபவை, செய்ய இயலாதவை. மூன்றாம் வகைக்கும் காரணம் கூறிப் பதிலளிக்க வேண்டும். பிரித்தானியப் பல்கலைக்கழகங்கள் பல 'நீங்கள் சொன்னீர்கள், நாங்கள் செய்தோம்' என்னும் தலைப்பில் தம் நடவடிக்கைகளை மாணவருக்கு அறிவிக்கின்றன. 'செய்ய இயலாதது, ஏன்?' என்னும் பகுதியும் அதனோடு சேருமாயின் அறிவிப்பு நம்பகத்தன்மை பெறும். மறுப்பும் ஒரு பதிலே, மௌனம் பதிலன்று.

9. முடிவுரை

மேற்கண்ட ஆய்வினால் பெறப்படும் முடிபுகள் வருமாறு:

அ. மாணவர் பின்னூட்டம் சேவைகளுக்கு நேரடிச் சான்று. கற்பித்தல் பயனுக்குத் துணைச் சான்று மட்டுமே. இரண்டுக்கும் தனித்தனிப் படிவங்கள் வேண்டும்.

ஆ. குறைந்த மதிப்பெண் நோயின் அறிகுறி மட்டுமே. புரிதல், வரையறை, நிறைவேற்றம், அறிவிப்பு என்னும் நான்கு இடைவெளிகளுள் அது எதனால் விளைந்தது எனக் கண்டறிந்த பின்னரே தீர்வு காண இயலும்.

இ. தரச்சான்றுக்கான கருத்தாய்வும், குறைதீர்ப்பு முறையீடும், துறையின் உட்பயன்பாட்டுப் பின்னூட்டமும் வெவ்வேறு நோக்கமுடையவை.

ஈ. இரண்டாண்டுப் படிப்பில் பருவத்தின் இடையே பெறப்படும் குறும்பின்னூட்டமே அதனை வழங்கியவருக்குப் பயன்தரும்.

உ. சராசரியோடு பரவல், விடையளித்தோர் எண்ணிக்கை, பெயர் மறைவு, மொழி ஆகியன கருத்தில் கொள்ளப்பட வேண்டும்.

ஊ. பெறப்பட்ட பின்னூட்டத்திற்கு அதே பருவத்திற்குள் பதிலளிக்க வேண்டும்.

பின்னூட்டம் என்பது மாணவர் துறைமீது வைக்கும் நம்பிக்கையின் ஒரு வடிவம். பயன்படுத்தப்படாத ஒவ்வொரு படிவமும் அந்நம்பிக்கையைக் குறைக்கிறது. செயற்படுத்த முடியாத நாற்பது வினாக்களைக் கேட்பதைவிட, செயற்படுத்தக்கூடிய ஐந்து வினாக்களைக் கேட்டு அவ்வைந்துக்கும் பதிலளிப்பதே துறையின் சேவையை மேம்படுத்தும். அப்பதிலைப் பெற்ற மாணவரே அடுத்த பருவத்தில் உண்மையை எழுதுவார்.